பனியில் ஒரு சிறு கார்

கலிபோர்னியாவின் வெயிலை விட்டு மான்ட்ரியாலுக்குக் குடிபெயர்கிறவர்கள், ஓட்டுவதில் ஆனந்தம் தரும் சிறு காரை இனி மறந்துவிட்டு, நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் கனத்த வாகனமொன்றையே சரணடைய வேண்டும் என்று மனம் சோர்வதைக் காணும்போது, பனிக்கால டயரின் மகிமையை யாரேனும் அவர்களுக்கு எடுத்துரைக்கலாகாதா என்று எனக்குத் தோன்றும். சாதாரணக் கோடை டயர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைத்துப் பிடிமானம் இழக்கையில், பனிக்கால டயரின் ரப்பரோ கடுங்குளிரிலும் மிருதுவாகவே இருந்து, கூரிய கத்தியால் கீறினாற்போன்ற நூற்றுக்கணக்கான நுண்பிளவுகளால் வழுக்கும் தரையைப் பற்றிக்கொள்கிறது. விரலால் வருடினால் அப்பிளவுகள் நெகிழ்ந்து கொடுப்பதை உணரலாம். மான்ட்ரியால் இருக்கும் கெபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயரைப் பூட்டுவது சட்டம். நாற்சக்கர இயக்கம் புறப்பட உதவும். நிற்பதற்குத் துணை டயர்தான்.

இத்தகைய டயர்களோடு, பின்சக்கரத்தால் இயங்கும் மாஸ்டா மியாட்டா போன்ற இருவர் கார் ஒன்றை, அதிகாலைக் குளிரில் எண்ணெய் தடித்திருக்கும் கியர்த்தண்டு சற்றே முரண்டி, பின்பு சூடேறி இசைந்து வருவதை உள்ளங்கையால் அறிந்தவாறு, இறுகிய பனி சக்கரத்தடியில் நறநறவென்று ஒலிக்க, ஆக்ஸிலரேட்டரைப் பாதத்தின் நுனியால் மட்டும் அழுத்தி ஓட்டுவது அலாதியான சுகம். வளைவில் பின்பக்கம் மெல்ல நழுவ, பதறாமல் ஸ்டீயரிங்கை அந்தத் திசையிலேயே சிறிது திருப்பி மீட்கும் நிதானம், பழகப் பழகக் கைக்கு ஸ்வபாவமாகிவிடுகிறது. கோடையில் அதிவேகத்தில் மட்டுமே கிட்டும் அந்த ரஸம் இங்கே மிதிவண்டியின் வேகத்திலேயே கிட்டுகிறது. முழங்காலளவு பனி கொட்டிய நாளில், தாழ்ந்த வயிறுடைய இக்கார் வீட்டிலேயே இருக்கட்டும். பனியகற்றும் வண்டிகள் விரைவிலேயே வழி திறந்துவிடும்.