நடுவில் இறங்குதல்

போன பருவத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்தினார்கள். காலை அமர்வு 'கைபேசி அடிமைத்தனம்', மதிய அமர்வு 'பசுமைப் போக்குவரத்து'. இரண்டையும் ஏன் ஒரே நாளில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டுமே மாணவிகளின் பொறுப்புணர்வு சம்பந்தப்பட்டவை என்று பதில் வந்தது. சுவரொட்டியில் ஓர் இளம்பெண். அவள் கையும் ஒரு போனும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில், கூரையில் இலை முளைத்த ஒரு கார். காலை அமர்வின் முடிவில் மாணவிகள் எழுந்து நின்று, வாரத்தில் ஒரு நாள் போனைத் தொடமாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். மதியம் பேச வந்தவர் மின்சாரக் காரின் நன்மைகளை ஒரு மணி நேரம் விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மாநகரப் பேருந்திலும் மின்சார ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். நன்றியுரை என் பொறுப்பு. நன்றியை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பச்சை. மின்சார வண்டிகளுக்குப் பச்சை நிற எண் பலகை கொடுக்கிறார்கள். சாலையில் அதைப் பார்த்தவுடனே, ஓட்டுபவர் பூமிக்கு ஏதோ நல்லது செய்கிறார் என்று தெரிந்துவிடும். என் அம்மா வாழ்நாளில் ஒரு வண்டியும் ஓட்டியதில்லை. ரேஷன் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்தார், தூரமென்றால் பஸ் ஏறினார். அவர் எரித்த பெட்ரோலைக் கணக்கெடுத்தால் ஒரு கார்க்காரரின் ஒரு வாரத்துக்குக்கூட வராது. அவருக்கு எந்தப் பலகையும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் 'அது பாவம், வண்டி ஓட்டத் தெரியாது' என்ற பேச்சுத்தான். வசதியில்லாததால் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருவது இயலாமையாகவும், வசதியுள்ளவர்கள் காசு கொடுத்துச் செய்யும்போது அதுவே சுற்றுச்சூழல் அக்கறையாகவும் பெயர் பெறுகிறது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாக ஒரு கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. அழகாகத்தான் இருக்கிறது, நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் என் அம்மா நடந்த தெருக்களில் நடைபாதை என்பது இன்றும் டிரான்ஸ்பார்மருக்கும் பைக்குகளுக்கும் நடுவே உடம்பைக் குறுக்கி நுழையும் இடுக்குத்தான்.

தமிழ் படித்தவளுக்கு 'செலவு' என்ற சொல்லைக் கடந்து போக முடியாது. பழைய தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். இன்று பணம் போவதற்குப் பெயர். அகப்பாடல்களில் செலவு தலைவனுடையது. அவன் பொருள் தேடிப் போகிறான். போகப் புறப்பட்டுத் தயங்கி நின்றால் அதற்கும் 'செலவழுங்கல்' என்று ஒரு துறை உண்டு. அவன் தயங்குவதற்கே துறை வகுத்த மரபு, அவளுக்கு இருத்தலை வைத்தது. பெண்ணோடு கடல் கடந்து போகும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். அவள் ஊரைத் தாண்டியதெல்லாம் உடன்போக்கில்தான், அதுவும் ஒருவன் பின்னால். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகளைக் கேட்பேன்: நீங்கள் தனியாக, காரணம் சொல்லாமல், கடைசியாக எங்கே போனீர்கள்? வகுப்பு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு யாராவது ஒருத்தி 'ஜெராக்ஸ் கடைக்கு மேம்' என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்தது. பிறகு அதற்கு 'விடியல் பயணம்' என்று பெயரும் வைத்தார்கள். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அது சிறிய தொகை அல்ல. ஆனால் மிச்சக் கணக்கு மட்டுமே பேசப்படுவதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆண் பெரும்பாலும் வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் நேர்கோட்டில் போய் வருகிறான். பெண்ணின் வழி துண்டு துண்டானது. பள்ளிக்கூட வாசலில் ஒரு இறக்கம், மருந்துக்கடைக்கு ஒன்று, மாமியாரின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க ஒன்று. ஒவ்வொரு இறக்கத்துக்கும் மறுபடி ஒரு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்த காலத்தில் இரண்டு நிறுத்தங்களை நடந்தே கடந்தோம், அல்லது அந்த வேலையை நாளைக்குத் தள்ளினோம். டிக்கெட்டின் விலை பூஜ்யமானபோது நடுவில் இறங்குவது சாத்தியமாயிற்று. இறங்கி, வேலையை முடித்து, அடுத்த வண்டியில் ஏறலாம். வேலையே இல்லாமலும் இறங்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை எந்த ஆய்விலும் நான் பார்க்கவில்லை.

இதைத்தான் 2022இல் ஓர் அமைச்சர் மேடையில் 'ஓசி' என்றார். என் சக பேராசிரியர் ஒருவர், காரில் வருபவர், 'சம்பளம் வாங்குற நீங்களுமா இதுல ஏறுறீங்க?' என்று கேட்டார். அவர் கார் ஓடும் மேம்பாலத்துக்கு டோல் கிடையாது, அதை யாரும் ஓசி என்று சொல்வதில்லை. இதை அவரிடம் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை.

இனி அந்தச் சங்கிலி. சில மாதங்களுக்கு முன் ஜெமினியில் இறங்கும் அவசரத்தில் என் போன் படியில் விழுந்து திரை நொறுங்கியது. ரிச்சி தெருவில் சரிசெய்யக் கொடுத்தேன். உதிரி பாகம் வர ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை வீட்டில் கிடந்த பட்டன் போன்தான். முதல் இரண்டு நாள் கை தானாகவே பைக்குள் போய்த் துழாவியது. மறுக்கவில்லை, எனக்கும் அந்த நோய் உண்டு. ஐந்து நிமிடம் சும்மா இருக்கத் தெரியாமல் போய்விட்டது. ஒரு கவிதையின் இரண்டாவது வரிக்கு முன்னால் நான்கு முறை வாட்ஸ்அப் பார்க்கிறேன். ஆனால் மூன்றாம் நாள் 29சியில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, கையில் எதுவும் இல்லாததால், மற்றவர்களின் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜன்னலோரம் ஒருத்தி வீடியோ அழைப்பில் மகனுக்குக் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள்: 'மூணு ஆச்சாடா? ஆஃப் பண்ணு. சின்ன பர்னர் இல்ல, பெருசு.' நடுவயதுப் பெண்ணொருத்தி ஒரே நிறுத்தத்துக்குள் மூன்று முறை 'நுங்கம்பாக்கம் தாண்டிட்டேங்க' என்று சொன்னாள். மூன்று முறையும் அந்தப் பக்கம் ஒரே ஆள்தான் என்று குரலிலேயே தெரிந்தது. சுரிதார் போட்ட ஒரு பெண் போனைக் காதில் வைத்து ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நின்றுகொண்டிருந்த ஆள் ஒருவர் நகர்ந்து போனதும் போனை இறக்கினாள். திரை கறுப்பாக இருந்தது. அழைப்பே இல்லை. என் தலைமுறைக்கு அந்த இடத்தில் ஊக்கு இருந்தது. தொண்ணூறுகளில் கல்லூரிக்குப் போன எங்கள் எல்லோர் தாவணியிலும் கூடுதலாக ஒன்று குத்தியிருக்கும். எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் தெரியும். இன்னொருத்தி இயர்போன் மாட்டி, யாரோ ஆடும் ரீலைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். வீடு போய்ச் சேர்ந்தால் அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த நான்கு கைகளிலும் போன் இருந்தது. நான்கையும் ஒரே சங்கிலியாக வரைந்தது அந்தச் சுவரொட்டி. ஒருத்திக்கு அது அடுப்பங்கரையின் நீட்சி, ஒருத்திக்குக் கழுத்துக் கயிறு, ஒருத்திக்கு ஊக்கு, ஒருத்திக்குக் கதவு சாத்திக்கொள்ளக் கிடைத்த அறை. இதில் எதை வாரத்தில் ஒரு நாள் தொடாமல் இருக்கச் சொல்கிறோம்?

அந்த ஒன்பது நாளில் வேறொன்றும் புரிந்தது. அடிமைத்தனம் என்று நாம் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே நகரம் போனைக் கட்டாயமாக்கிக்கொண்டிருக்கிறது. பேருந்து எங்கே வருகிறது என்பதைச் செயலியில் பார்க்கலாம், நிறுத்தத்தில் நேர அட்டவணை கிடையாது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்தது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட். நல்ல ஏற்பாடுதான், போன் திரும்பியதும் நானும் பயன்படுத்தினேன். மெட்ரோவில் போன் வழியாகவோ அட்டை வழியாகவோ கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. கவுன்ட்டரில் காசு நீட்டினால் முழுக் கட்டணம். பட்டன் போனோடு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னாலும் பின்னாலும் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். வயதானவர்கள், கட்டைப் பையோடு வந்த பெண்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) இந்தியப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி உள்ளவர்கள் ஏறத்தாழ 54 சதவீதம். அதிலும் எல்லாம் ஸ்மார்ட்போன் அல்ல. மீதிப் பேரின் சிக்கல் அடிமைத்தனம் இல்லை.

எங்கள் கல்லூரியில் துப்புரவு வேலை செய்யும் அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். கூவக் கரையிலிருந்து அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட குடும்பம். ஆறரைக்குள் பஸ் பிடித்தால்தான் எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட முடியும். பஸ் வரும் நேரத்தைச் செயலியில் பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

'போன் பையன்கிட்ட இருக்கும் மேடம். பாத்தா மட்டும் இன்னா, வர்றப்பதான வரும்? ஏசி வண்டி வரும், காலியா. அதுல நம்ம ஏற முடியாது. நம்ம வண்டிக்கு நிக்கணும்.'

மின்சாரப் பேருந்துகள் சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கின. முதல் தொகுதி 120 வண்டிகள், படியே இல்லாத தாழ்தளம். சக்கர நாற்காலிக்காரர்களும் முழங்கால் வலிக்காரர்களும் அதற்காக எத்தனை வருடம் கேட்டிருப்பார்கள். பின்னால் குளிர்சாதன மின்வண்டிகளும் வந்தன. குளிர்சாதன வண்டியில் பெண்களுக்கான பூஜ்யம் ரூபாய்ச் சீட்டு செல்லாது. புகை விடாத அந்த வண்டி, இத்தனை வருடம் புகையைச் சுவாசித்துக்கொண்டு நிறுத்தத்தில் நின்றவரைத் தாண்டிப் போகிறது. நகரம் பசுமையாவதற்கும் அக்கா ஆறரைக்குள் கிளம்புவதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல இதைத் தனித்தனியாகவே எழுதிவருகிறோம். அவருக்குத் தேவை இன்னும் பத்து சாதாரண வண்டி. அதில் மின்சாரம் ஓடினால் சந்தோஷம்.

இதுவரை நகரத்தையும் கல்லூரியையும் குறை சொல்லிவிட்டேன். என் கணக்கும் ஒன்று பாக்கியிருக்கிறது.

மகள் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய இருப்பிடம் என் போனில் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும். அவளே ஒப்புக்கொண்டதுதான். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வாள், கட்டணம் கட்டுவது நான். வகுப்பில் பெண் மீதான கண்காணிப்பைப் பற்றிப் பேசிவிட்டு, ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அந்தப் புள்ளி கிண்டியில் ஏன் இருபது நிமிடமாக நிற்கிறது என்று பார்ப்பேன். கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில் செவிலி சுரத்து வழியே போய், எதிரே வரும் அந்தணர்களிடம் என் மகளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம் என்கிறார்கள். சந்தனமும் முத்தும் யாழின் இசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படுவதில்லை, அணிபவருக்கும் கேட்பவருக்குமே பயன்படும், மகளும் அப்படித்தான் என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்தச் சமாதானத்தில் மகள் யாரோ ஒருவருக்குப் பயன்படும் பொருள் என்பதை இருபது வருடமாக மாணவிகளுக்குச் சுட்டிக்காட்டி வருகிறேன். பாவம் அந்தச் செவிலி, கால் கொப்பளிக்க நடந்து தேடினாள் என்றும் சேர்த்துச் சொல்வேன். எனக்கு நடக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது நாள் புள்ளி இல்லை. அவள் எப்போதும்போல் போனாள், வந்தாள். போன் சரியாகி வந்த இரவு, இருப்பிடத்தை மறுபடி பகிரச் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: 'அனுப்புறேன்மா. நீயும் உன்னோடத அனுப்பு.'

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான் கல்லூரியிலிருந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. லஸ்ஸில் இறங்கி நாகேஸ்வரராவ் பூங்காவில் முக்கால் மணி நேரம் உட்காருகிறேன். சில நாள் எழுதுவேன். பல நாள் ஒன்றும் செய்வதில்லை, நடைப்பயிற்சி போகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அடுத்த 29சியில் இன்னொரு பூஜ்யம் ரூபாய்ச் சீட்டு. வீட்டில் பஸ் கிடைக்கவில்லை என்பேன். நான்கு வருடமாகச் சொல்லிவரும் பொய். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரை நான் கெடுத்த அளவுக்கு வேறு யாரும் கெடுத்திருக்க மாட்டார்கள். என் இரண்டாவது தொகுப்பில் பாதிக் கவிதைகள் அந்தச் சிமெண்டு பெஞ்சில் எழுதியவை. அதில் தவறாக எதுவும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் நான் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிவதை நினைத்தால் உடம்பு கூசியது. கிண்டியில் அவளுக்கு என்ன இருபது நிமிடம் என்று அப்போதுதான் முதல் முறையாகக் கேட்காமல் இருக்கத் தோன்றியது.

ராத்திரி ஒன்பதுக்கு மேல் அவள் வரவில்லையென்றால் என்ன செய்வேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஊரில் அந்தப் பயம் கற்பனையும் இல்லை. அவளிடம் இன்னும் எதுவும் அனுப்பச் சொல்லவில்லை, நானும் அனுப்பவில்லை. நேற்று 29சியில் கூட்டம் அதிகம், லஸ் வந்ததும் பையை முன்னால் இழுத்துக்கொண்டு இறங்கினேன். பட்டன் போன் அலமாரியில் கிடக்கிறது. அதற்கு அவ்வப்போது சார்ஜ் போட்டு வைக்கிறேன்.