தர்பூசணி, சூரியக் குடும்பம், மேகம்

பள்ளிக்கூடத்தில் அறிவியல் படித்த எல்லோருக்கும் அந்த ஐந்து படங்கள் நினைவிருக்கும். முதலில் ஒரு கெட்டியான உருண்டை, டால்டன். அடுத்து விதை பதித்த தர்பூசணி, தாம்சன். மூன்றாவது, நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் வெறும் வெளி, ரூதர்ஃபோர்டு. நான்காவது, வட்டவட்டமான பாதைகள், போர். கடைசியாகப் பஞ்சு மாதிரி ஒரு மேகம், ஷ்ரோடிங்கர். ஒவ்வொன்றுக்கும் கீழே 'குறைபாடுகள்' என்று இரண்டு வரி. ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதி முடித்தால் அணுவின் வரலாறு முடிந்தது.

நான் இயற்பியல் ஆள் கிடையாது. கவிதைக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறவன். ஆனால் இந்த ஐந்து படங்களையும் சேர்த்து ஒரு கதையாக வாசித்தால், அது மோசமாக எழுதப்பட்ட கதை என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஒருத்தர் வந்து தப்பாகச் சொன்னார், அடுத்தவர் வந்து திருத்தினார், அவரையும் இன்னொருத்தர் திருத்தினார், கடைசியில் நாம் சரியாகத் தெரிந்துகொண்டோம். இவ்வளவுதான் கதை. பாத்திரங்கள் எல்லாம் தோற்பதற்கென்றே மேடையேறுகிறார்கள். ஒருவருக்கும் சொந்தமாக ஒரு பிரச்சினை இல்லை, தான் சொன்னதன் மேல் ஒரு சந்தேகம் இல்லை. இப்படி ஒரு நாவல் வந்தால் சும்மா விடுவோமா?

இந்தக் கதை மறைக்கிற விஷயம் ஒன்றுதான். அணு மாதிரி என்பது அணுவின் புகைப்படம் இல்லை. ஒரு காலத்தில், ஒரு கேள்விக்கு, ஒருவர் சொன்ன பதில் அது. கேள்வியை வெட்டி எறிந்துவிட்டுப் பதிலை மட்டும் படமாக வரைந்தால், அந்தப் பதில் அசட்டுத்தனமாகத்தான் தெரியும். ஒரு கவிதையின் கடைசி வரியை மட்டும் கிழித்தெடுத்து 'இதுல என்ன இருக்கு?' என்று கேட்பதைப் போல.

1

டால்டனிடம் இருந்து தொடங்குவோம். அவர் 1808இல் தன் புத்தகத்தை வெளியிட்டபோது, அணு பார்க்க எப்படி இருக்கும் என்பது அவருடைய கவலையே இல்லை. அவர் கவலை எடை. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு வாயுக்கள் உண்டாகின்றன. ஒரே அளவு கார்பனுக்கு ஒன்றில் இருக்கும் ஆக்சிஜனைப் போல மற்றொன்றில் சரியாக இரண்டு மடங்கு இருக்கிறது. ஒன்றே முக்கால் மடங்கு ஏன் இல்லை? எண்ணக்கூடிய துண்டுகளாகப் பொருள் இருந்தால்தான் இது சாத்தியம். அதுதான் வாதம். டால்டன் தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஒரு ஆக்சிஜன் அணுவும் இருப்பதாகக் கருதினார். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் 'எண்ணலாம்' என்ற யோசனை இல்லாமல், அந்த எண்ணிக்கையைத் திருத்த வேறு யாராலும் முடிந்திருக்காது. உருண்டை அவருக்குத் தாளில் வரைவதற்கான ஒரு குறி. நாம்தான் அதைக் கொள்கையாக்கினோம்.

2

அதிகமாக அநியாயம் செய்யப்பட்டவர் தாம்சன். ஆங்கிலப் புத்தகங்களில் அவருடைய மாதிரிக்கு 'ப்ளம் புட்டிங்' என்று பெயர். கிறிஸ்துமஸுக்குச் செய்கிற, உலர்திராட்சை பதித்த பண்டம். இந்தியப் பாடப்புத்தகத்துக்கு வந்தபோது பக்கத்திலேயே தர்பூசணியும் வைக்கப்பட்டது. சிவப்புச் சதை நேர்மின்சுமை, விதைகள் எலக்ட்ரான்கள். ஒரு உவமை ஊர் மாறும்போது பழம் மாறுவது எனக்குப் பிடித்த விஷயம்தான். மொழிபெயர்ப்பாளர்கள் தினமும் செய்கிற வேலை அது. சிக்கல் என்னவென்றால், புட்டிங் உவமையே தாம்சனுடையது கிடையாது. மற்றவர்கள் ஒட்டிய பெயர் அது. அசலில் இல்லாத உவமையைத்தான் நாம் அவ்வளவு சிரத்தையாக மொழிபெயர்த்திருக்கிறோம்.

அசலில் என்ன இருந்தது? 1897இல் எலக்ட்ரானை அடையாளம் கண்ட தாம்சன், 1904இல் வெளியிட்ட கட்டுரையில், சீராகப் பரவிய நேர்மின்சுமைக் கோளத்துக்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாகச் சுற்றுவதாகக் கணக்கிட்டார். சுற்றுகின்றன! விதை மாதிரி பதிந்து கிடக்கவில்லை. ஒரு வளையத்தில் எத்தனை எலக்ட்ரான் வரை நிலையாக நிற்கும், கூடினால் உள்ளே எப்படிப் புதிய வளையம் உருவாகும் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. அமெரிக்க இயற்பியலாளர் மேயர், காந்த ஊசிகளைத் தக்கைகளில் செருகித் தண்ணீரில் மிதக்கவிட்டபோது அவை தாமாகவே வளையங்களாக ஒழுங்குபட்டதைத் தாம்சன் துணைக்கு அழைத்துக்கொண்டார். அவருடைய கேள்வி இதுதான்: தனிம அட்டவணையில் குணங்கள் ஏன் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன? உள்ளே இருக்கும் வளைய அமைப்பு திரும்ப வருவதால் இருக்கலாம் என்பது பதில். விவரங்கள் தவறிப்போயின. ஆனால் வேதியியல் குணத்தை எலக்ட்ரான்களின் அடுக்கில் தேட வேண்டும் என்ற அந்தத் திசையை இன்றும் யாரும் கைவிடவில்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரியின் அடித்தளத்தில் முதலில் கைவைத்தவர் தாம்சனேதான். எடை குறைந்த எலக்ட்ரான்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துதான் அணுவின் எடையே உண்டாகிறது என்று தொடக்கத்தில் நினைத்தார். 1906இல் மூன்று வெவ்வேறு வழிகளில் கணக்குப் போட்டுப் பார்த்து, ஓர் அணுவில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அதன் அணு எடையை ஒட்டியே இருக்கும், ஆயிரக்கணக்கில் இருக்காது என்று அவரே எழுதினார். அப்படியென்றால் எடை முழுக்க எங்கே இருக்கிறது? யாருக்கும் உருவம் தெரியாத அந்த நேர்மின்சுமையில். தன் வீட்டு அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்த்த மனிதர். பாடப்புத்தகம் இவரைத்தான் பழக்கடையில் உட்கார வைத்திருக்கிறது.

3

ரூதர்ஃபோர்டுக்கு வருவோம். 1909, மான்செஸ்டர். கைகரும், அப்போது இருபது வயது மாணவரான மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, உலோகத் தகட்டில் மோதும் ஆல்ஃபா துகள்கள் திரையில் உண்டாக்கும் ஒளிப்பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போகின்றன. மிகச் சில மட்டும் வந்த பக்கமே திரும்புகின்றன. பிளாட்டினத்தில் ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒன்று. சின்னச் சின்ன விலகல்கள் பல சேர்ந்து இப்படித் திருப்ப முடியுமா என்று ரூதர்ஃபோர்டு கணக்குப் போட்டார். வாய்ப்பே இல்லை. ஒரே மோதலில் நடந்திருக்க வேண்டும். அதற்கு மின்சுமை முழுவதும் ஒரு புள்ளி அளவுக்குள் குவிந்திருக்க வேண்டும்.

1911இல் வந்த அந்தக் கட்டுரையில் நம் பாடப்புத்தகப் படம் இருக்காது. 'உட்கரு' என்ற சொல்லே அதில் இல்லை, 'மைய மின்சுமை' என்றுதான் எழுதுகிறார். அது நேர்மின்சுமையா எதிர்மின்சுமையா என்பதைக்கூடத் திறந்தே விடுகிறார். அவருடைய கணக்கு இரண்டுக்கும் பொருந்தும். இப்படிப்பட்ட அணு நிலைத்து நிற்குமா என்ற கேள்வியை இப்போதைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வெளிப்படையாகவே ஒதுக்கி வைக்கிறார். ஜப்பானைச் சேர்ந்த நாகாவோகா 1904லேயே சனிக்கோளையும் அதன் வளையங்களையும் போன்ற ஓர் அணுவை முன்வைத்திருந்ததையும் குறிப்பிடுகிறார். பாடப்புத்தகம் 'குறைபாடு: நிலைத்தன்மையை விளக்கவில்லை' என்று எழுதுகிறது. அட, அவர் அதை விளக்குவதாகச் சொல்லவே இல்லையே! ஆல்ஃபா துகள் ஏன் திரும்புகிறது என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் இன்னும் நிற்கிறது.

4

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி ஓர் ஆசிரியருக்கும் எழுத்தாளருக்கும் இடையே நடப்பது. 1913 மார்ச்சில் நீல்ஸ் போர் தன் கட்டுரையின் முதல் பகுதியை ரூதர்ஃபோர்டுக்கு அனுப்புகிறார். ரூதர்ஃபோர்டு இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, கட்டுரை நீளமாக இருக்கிறது, குறைக்க வேண்டும். போர் உடனே கப்பல் ஏறி மான்செஸ்டருக்கே வந்துவிடுகிறார். பல மாலைகள் எதிரே உட்கார்ந்து தன் வரிகளுக்காக வாதாடி, கட்டுரையைக் காப்பாற்றிக்கொண்டு போகிறார். 'கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா?' என்று மின்னஞ்சல் வந்ததும் வெட்டிக் கொடுத்துவிடுகிற நமக்கெல்லாம் அவர்தான் குலதெய்வம்.

இரண்டாவது விஷயம் ஆழமானது. போரின் அணுவில் எலக்ட்ரான் அனுமதிக்கப்பட்ட சில பாதைகளில் மட்டுமே இருக்கும். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் ஒளி வரும். அந்த ஒளியின் அதிர்வெண்ணை, கிளம்புகிற இடமும் சேர்கிற இடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. சரி, கிளம்பும்போதே எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று எலக்ட்ரானுக்கு எப்படித் தெரியும்? ரூதர்ஃபோர்டு கேட்டது இதைத்தான். போரிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று தெரிந்தேதான் கட்டுரை அச்சேறியது.

ஏன் அச்சேறியது? பால்மர் என்ற சுவிஸ் பள்ளி ஆசிரியர் 1885இல், ஹைட்ரஜன் ஒளியில் தெரியும் கோடுகளின் அலைநீளங்களை ஒரு எளிய சூத்திரத்தில் அடக்கியிருந்தார். ஏன் அப்படி என்று முப்பது வருஷமாக யாருக்கும் தெரியாது. போரின் கணக்கில் அந்தச் சூத்திரம் தானாக வந்து விழுந்தது. சுற்றுகிற எலக்ட்ரான் ஆற்றலை இழந்து மையத்தில் விழுந்துவிட வேண்டும் என்பது அன்றைய இயற்பியல். விழாது என்று போர் வெறுமனே அறிவித்தார், காரணம் சொல்லவில்லை. காரணம் இல்லாத அறிவிப்பிலிருந்து கச்சிதமான எண்கள் வந்தன. கவிதையில் சில வரிகளுக்கு அப்படி ஒரு அதிகாரம் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அந்த அதிகாரம் ஹீலியத்தோடு முடிந்துவிட்டது. இரண்டே இரண்டு எலக்ட்ரான். பத்து வருஷம் பலரும் முட்டிமோதினார்கள், பாதைகளை வைத்து ஹீலியத்தின் கோடுகளைக் கணக்கிட முடியவில்லை.

5

பிறகு நடந்ததை, ஒரு படம் இன்னொரு படமாக மாறியது என்று சொல்ல முடியாது. படமே கைவிடப்பட்டது. 1925 ஜூனில், மகரந்த ஒவ்வாமையால் முகம் வீங்கி, செடிகொடி குறைந்த ஹெலிகோலாந்து தீவுக்குப் போன ஹைசன்பெர்க், எவராலும் பார்க்க முடியாத பாதைகளை விட்டுவிட்டு, அளக்க முடிந்த அளவுகளை மட்டும் வைத்து ஒரு கணக்கை அமைத்தார். சில மாதங்களில், 1926இல், ஷ்ரோடிங்கர் தன் அலைச் சமன்பாட்டோடு வந்தார். படம் திரும்பி வந்துவிட்டது என்று அவர் நம்பினார். எலக்ட்ரான் உண்மையிலேயே பரவிக் கிடக்கும் ஓர் அலை என்பது அவர் ஆசை. அதே வருஷம் மாக்ஸ் போர்ன் அந்த ஆசையில் மண்ணைப் போட்டார். அலை சொல்வது, எலக்ட்ரான் எங்கே அகப்படும் என்பதன் நிகழ்தகவை மட்டுமே. அந்த அலை வீச்சின் இருமடியே நிகழ்தகவு என்ற திருத்தம், மெய்ப்புப் பார்க்கும்போது அடிக்குறிப்பாகச் சேர்க்கப்பட்டது. அதை உள்ளடக்கிய வேலைக்குத்தான் 1954இல் நோபல் பரிசு. அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகிற வாசகர்கள் கவனிக்கவும்.

இப்போது அந்த ஐந்தாவது படத்தைத் திரும்பப் பாருங்கள். மேகத்தில் புள்ளிகள் அடர்ந்த இடம் நிகழ்தகவு கூடிய இடம். அந்த அர்த்தம் போர்னுடையது. கீழே இருக்கிற பெயரோ, அந்த அர்த்தத்தோடு கடைசிவரை ஒத்துப்போகாத ஷ்ரோடிங்கருடையது.

6

இதனால் இலக்கியக்காரர்களுக்கு என்ன? நிறைய இருக்கிறது. அறிவியலைத் தொட்டு எழுதப்படும் நம் கவிதைகளிலும் கட்டுரைகளிலும் முக்கால்வாசி மூன்றாவது படத்திலேயே நின்றுவிட்டவை. 'அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம், ஆகவே நீயும் நானும் வெற்றிடம், தொடுதல் என்பதே மாயை.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வெற்றிடம், எலக்ட்ரானைச் சின்னக் குண்டாகக் கற்பனை செய்ததால் வந்தது. அலையாகப் பார்த்தால் அந்த இடம் முழுக்க எலக்ட்ரானின் இருப்பு பரவியிருக்கிறது. மேசைக்குள் உங்கள் கை நுழையாமல் இருப்பதற்கு மின் விலக்கத்தோடு, 1925இல் பௌலி கண்ட தவிர்ப்பு விதியும் காரணம். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. தொடுதலில் மாயை எதுவும் இல்லை. அங்கே ஒரு மறுப்பு இருக்கிறது. கவிதைக்கு வெற்றிடத்தைவிட இது நல்ல பொருள் இல்லையா?

இன்னொரு பழக்கமும் உண்டு. 'இதெல்லாம் நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க.' மணிமேகலையில் ஆசீவகவாதி நிலம், நீர், தீ, காற்று, உயிர் என ஐவகை அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். அவை அழிவதில்லை, புதிதாகப் பிறப்பதுமில்லை என்கிறான். அருமையான பகுதி. ஆனால் அவனை டால்டனுக்கு அண்ணனாக்குவது இருவருக்கும் அவமானம். உயிரையும் ஓர் அணுவாக எண்ணுகிறவனுடைய கேள்வி உயிரைப் பற்றியது, பிறவியைப் பற்றியது. டால்டனுடைய கேள்வி தராசைப் பற்றியது. பதிலில் ஒரே சொல் வருகிறது என்பதற்காகக் கேள்விகளை ஒன்றாக்கினால், மணிமேகலையையும் நாம் வாசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அணு அமைப்பு பற்றிய பாடத்தை யாராவது புதிதாக எழுதினால், விமர்சகனாக என் கோரிக்கை சின்னதுதான். படங்கள் இருக்கட்டும், தர்பூசணியும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே 'குறைபாடுகள்' என்ற தலைப்பை எடுத்துவிட்டு இரண்டு வரி போடுங்கள். இவர் கேட்ட கேள்வி என்ன? தெரிந்தே இவர் பதில் சொல்லாமல் விட்டது என்ன? ரூதர்ஃபோர்டுக்குக் கீழே: ஆல்ஃபா துகள் ஏன் திரும்பியது; அணு ஏன் நொறுங்கவில்லை என்பதை விட்டுவைத்தார். போருக்குக் கீழே: ஹைட்ரஜனின் கோடுகள் ஏன் அந்த இடங்களில் விழுகின்றன, போய்ச் சேருமிடம் எலக்ட்ரானுக்கு எப்படித் தெரியும் என்பதை விட்டுவைத்தார். மேகத்துக்குக் கீழேயும் அந்த இரண்டாவது வரி இருக்க வேண்டும். அந்த நிகழ்தகவு எதைப் பற்றியது, அளந்து பார்ப்பதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்ற சண்டை நூறு வருஷமாக இன்னும் ஓயவில்லை.