கொடுத்த கதையைத் திரும்பக் கேட்கலாமா?

புது இதழுக்குக் கதை அனுப்பிவிட்டு, முதல் இதழ் கைக்கு வந்ததும் 'இங்கேயா கொடுத்தோம்' என்று கையைப் பிசைந்துகொள்ளும் எழுத்தாளர்கள் நம்மிடையே நிறைய. கதையைத் திரும்பக் கேட்பதோ அபூர்வம். ஆசிரியர் தெரிந்தவராக இருப்பார், கேட்டால் மனஸ்தாபம். ஆகவே ஒன்று, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். அல்லது சத்தமில்லாமல் இன்னோர் இதழுக்கும் அனுப்பி வைப்பார்கள். ஒரே கதை ஒரே மாதத்தில் இரண்டு இதழ்களில் வந்து இரண்டு ஆசிரியர்களும் முகம் சுளிப்பது இந்த இரண்டாவது வழியின் பலன்.

உரிமையைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: எழுதியவர் கையெழுத்திட்ட எழுத்துபூர்வமான ஆவணம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. மின்னஞ்சலில் கதையை இணைத்து அனுப்பியதாலேயே அது இதழின் சொத்தாகிவிடாது. கேள்வி உரிமை பற்றியதல்ல, நியாயம் பற்றியது.

கையெழுத்துப் பிரதி தபாலில் போன காலத்தில் பயம் வேறு. நகல் எடுத்து வைக்காதவருக்குக் கதையே போய்விடும். தபால்தலை ஒட்டிய உறை வைத்தாலும் திரும்பி வரும் என்பது நிச்சயமில்லை. இன்று கோப்பு நம் கணினியிலேயே இருக்கிறது. இழக்கக்கூடியது முதல் பிரசுரம் ஒன்றுதான். 'வேறெங்கும் வெளிவராதது' என்று உறுதிமொழி கேட்காத இதழ் குறைவு. சொந்த முகநூல் பக்கத்தில் போட்டதைக்கூட வெளிவந்ததாகக் கணக்கு வைப்பவர்கள் உண்டு. எனவே இரண்டாம் இதழோடு நின்றுபோகும் பத்திரிகையில் அச்சேறிய கதைக்குத் தொகுப்பு வரும்வரை வேறு வாசல் கிடையாது. திரும்பக் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு எதிர்வாதமும் பலமானதே. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது அது பெரும் விற்பனைக்கான பத்திரிகை அல்ல. ந. பிச்சமூர்த்தியும் பிரமிளும் சி. மணியும் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பார்த்திருந்தால் புதுக்கவிதையின் வரலாறே வேறு மாதிரி போயிருக்கும். 1968இல் சேலத்திலிருந்து வந்த 'நடை' எட்டே இதழ்களோடு நின்றது; அதைப் பற்றி இன்றும் பேசுகிறோம். ஆயுள் குறைவு என்பதற்காக ஓர் இதழைத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த உதாரணங்களைப் புது ஆசிரியர்கள் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள். (சன்மானம் பற்றிக் கேட்டால் உடனே 'மணிக்கொடி' பேச்சு வரும்.) நிலைத்த பெயர்களை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம், இரண்டு இதழோடு காணாமல் போனவற்றில் சிக்கிய கதைகளை யார் எண்ணுவது? 'எழுத்'தில் எழுதியவர்கள் நம்பியது புதுமையை அல்ல, செல்லப்பாவின் வாசிப்பை.

ஆகவே பார்க்க வேண்டியது அட்டையை அல்ல, உள்ளே ஒரு சிறுகதைப் பக்கத்தை. பத்தி பிரிப்பு எழுதியவர் போட்டதுதானா? எழுத்துரு மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கின்றனவா? விளம்பரத்துக்கு இடம் விட்டுக் கடைசிப் பத்தி நறுக்கப்பட்டிருக்கிறதா? இதிலெல்லாம் அலட்சியம் தெரிந்தால் தயங்காமல் கேட்டு வாங்கலாம். பல மாதமாகியும், விசாரித்து எழுதிய கடிதத்துக்கும் பதிலில்லை என்றாலும் அப்படியே. பெரிய பத்திரிகை ஒன்று இப்போது கதை கேட்கிறது என்பதற்காக வாங்குவது வேறு. அதைச் சட்டம் தடுக்காது. ஆனால் அந்த ஆசிரியர் அடுத்த முறை நம் பெயரைப் பார்த்ததும் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஏற்புக் கடிதம் வருமுன் இரண்டு வரி போதும்: இந்தத் தலைப்பிலான கதையைத் திரும்பப் பெறுகிறேன், பிரசுரிக்க வேண்டாம். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. முதல் இதழின் குறைகளைப் பட்டியலிடும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. பக்க வடிவமைப்பு முடிந்து மெய்ப்பு வந்த பிறகு கேட்பது அநியாயம். சிறு இதழில் ஆசிரியர், மெய்ப்புத் திருத்துபவர், பார்சல் கட்டுபவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள். கதையைச் சிதைத்திருந்தால் மட்டும் அந்தக் கட்டத்திலும் கேட்கலாம்.

இந்தச் சங்கடத்தில் பாதியை இதழ்களே தவிர்க்கலாம். இத்தனை வாரத்துக்குள் பதில் வராவிட்டால் வேறிடம் அனுப்பிக்கொள்ளலாம் என்று கதை கேட்கும் அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.