முறிகண்டியில் நிற்காத வண்டி இல்லை

எங்கள் குருசாமியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. எழுமலையிலிருந்து சபரிமலைக்கு வேன் கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அதில் பென்சிலால் எழுத உட்கார்ந்துவிடுவார். உசிலம்பட்டியில் டீசல். வீரபாண்டியில் ஆற்றுக் குளியல், கௌமாரியம்மன் கும்பிடு. கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்பில் சமையல். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே மணி. முந்தைய வருடங்களில் பட்டதும் ஓரத்தில் இருக்கும்: 'இங்கே தண்ணி இல்லை', 'வண்டி திருப்ப இடம் பத்தாது'. கேரள பர்மிட் போட்டு வரி கட்டிய ரசீதை அந்த நோட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருப்பார். எல்லையில் மஞ்சள் போர்டு வண்டிக்கு முதலில் கேட்கப்படுவது அதுதான்.

எழுமலையிலிருந்து குமுளி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் எல்லையைத் தொட்டுவிடலாம். அந்த மூன்று மணி நேரத்தை அவர் ஒரு பகல் முழுக்க நீட்டுவார். இளவட்டங்கள் முனகுவார்கள். நானும் முனகியவன்தான், கிளிநொச்சித் தம்பி ஒரு கார்த்திகையில் எங்களோடு மாலை போட்டு வரும்வரை.

என் தாத்தாவின் தம்பி தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கையின் மாத்தளைப் பக்கம் போனவர். அவர் பிள்ளைகள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு திருத்திக் குடியேறினார்கள். அந்த வழிப் பேரன்தான் இந்தத் தம்பி. ஹையேஸ் வேன் வைத்து ஓட்டுகிறான். அவர்கள் ஊரில் சபரிமலைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். 2025-ல் இலங்கை அமைச்சரவையே இந்த யாத்திரையை அங்கீகரித்திருக்கிறது. அவன் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் வந்து, ரயிலில் மதுரை இறங்கி, எங்கள் வேனில் ஏறினான்.

தேனியைத் தாண்டியதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "சாமி, ஊர் எங்க போச்சு?" சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாவற்றுக்கும் இப்போது புறவழிச்சாலை. ஊர்ப்பெயர் பச்சைப் பலகையில் வரும், போகும், ஊர் வராது. அவன் ஓட்டிப் பழகிய ஏ-9 வீதி அப்படியில்லை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரும் ஊர்களின் நடுவில்தான் போகிறது. மாங்குளமானாலும் வவுனியாவானாலும் சந்தைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். குருசாமியின் நோட்டு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எழுதி வைக்காவிட்டால் எங்கள் சாலை எந்த ஊரிலும் எங்களை இறக்கிவிடாது.

சீசனில் போகும்போது கம்பம்மெட்டு, திரும்பும்போது குமுளி என்று ஒருவழிப் பாதையாக்கிவிடுவார்கள். அதனால் லோயர் கேம்ப் நோட்டில் கடைசிப் பக்கம். மலை இறங்கி, தரிசனம் முடிந்த அசதியில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தாலும், பென்னிகுக் மணிமண்டபத்தில் குருசாமி எல்லோரையும் எழுப்பி இறக்குவார். 2013-ல் திறந்த மண்டபம் அது. அவர் கட்டிய பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் விழுந்து வைகையில் சேர்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துக்கு அதில் ஒரு பங்கு வேண்டும் என்று 58 கிராமக் கால்வாய்க்காக எங்கள் ஆட்கள் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது அந்த வேனில் இருந்த பெரியவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் மண்டபத்தில் இருக்கும் பென்னிகுக் சிலைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதைத் தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். "வெள்ளைக்காரனுக்கா சாமி?" என்றான். "தண்ணிக்கு" என்றார் குருசாமி.

அடுத்த சித்திரையில் நாங்கள் ஏழு பேர் தம்பியின் பக்கம், இலங்கைக்குப் போனோம். நாகப்பட்டினம் வரை நம் வேன், ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, முத்துப்பேட்டை தர்கா, வேளாங்கண்ணி என்று குருசாமி வழக்கம்போல் எழுதியிருந்தார். அங்கே நோட்டு நின்றுவிடுகிறது. காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் ஆட்களைத்தான் ஏற்றும், வண்டியை ஏற்றாது. 2023 அக்டோபர் 14-ல் 'செரியபாணி' கிளம்பி, சில நாளிலேயே மழைக்காலத்துக்காக நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்தது. வடகிழக்குப் பருவத்தில் கடல் ஒத்துழைக்காது என்பதால் கார்த்திகை மாலைக்காரர்களுக்கு இந்தக் கப்பல் உதவாது. மாசியிலிருந்து சித்திரை வரை போவதே நல்லது. நான்கு மணி நேரக் கடலில் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு வாந்தி. கீரிமலைக் கேணியில் முங்கி எழுந்த பிறகுதான் எல்லோருக்கும் முகம் தெளிந்தது.

தம்பி ஹையேஸோடு காத்திருந்தான். அவனிடம் நோட்டு இல்லை. "எங்கெங்க நிப்பம்னு எழுதினியாப்பா?" என்று குருசாமி கேட்டதற்கு, "நிக்கவேண்டிய இடத்தில வண்டி தானா நிக்கும் சாமி" என்றான். பருத்தித்துறையில் தெருமூடி மடத்துக்குள் வண்டியை மெதுவாக ஓட்டினான். வழிப்போக்கர் தங்க ஒரு மடம், அதை வீதியின் மேலேயே கூரை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வீதி மடத்தின் வயிற்றுக்குள் புகுந்து போகிறது. இரண்டு பக்கமும் கல் திண்ணை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். ராணி மங்கம்மாள் ஆண்ட காலத்தில் போட்ட சாலையும் கட்டிய சத்திரமும் தென்பாண்டி முழுக்கப் பேச்சில் உண்டு. ஆனால் சத்திரம் சாலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், வேண்டாதவன் கடந்து போய்விடலாம். பருத்தித்துறையில் அந்தக் கூரையின் நிழலில் நுழையாமல் போக வழி கிடையாது.

ஆனையிறவு உப்பளத்தின் வெள்ளையும் கிளிநொச்சியில் அவன் வீட்டுச் சாப்பாடும் கழிந்து, மறுநாள் காலை முறிகண்டி. சின்னக் கோயில்தான், வீதியோரப் பிள்ளையார். தம்பி எதுவும் சொல்லாமல் ஓரங்கட்டினான். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் யாழ்ப்பாணத்துப் பேருந்து, அதற்கும் பின்னால் சிங்கள எழுத்துப் போட்ட ஒரு வேன். லாரிக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தேங்காயை ஓங்கி அடித்தார், சூடம் கொளுத்தி ஒரு நிமிடம் கண்மூடி நின்றார், திருநீறு எடுத்து ஸ்டியரிங்கில் தடவினார். சிங்கள ஓட்டுநரும் அதே வரிசையில் நின்று உண்டியலில் காசு போட்டார். "நிப்பாட்டாமப் போனா என்னப்பா?" என்று நான் கேட்டதற்குத் தம்பி, "போக ஏலாது அண்ணே" என்றான். அவ்வளவுதான். பயமுறுத்தும் கதை எதையும் அவன் சொல்லவில்லை.

கோயிலைச் சுற்றிக் கச்சான் கடைகள். நம் நிலக்கடலைக்கு அங்கே கச்சான் என்று பேர். மணலில் வறுத்த சூடோடு ஒரு அம்மா பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். எழுமலைக் காட்டில் மானாவாரியில் விளையும் அதே கடலை, ஆனாலும் முறிகண்டிக் கச்சான் வாங்காமல் எந்தக் குடும்பமும் வண்டி ஏறுவதில்லை. நின்றதற்கு அதுதான் அத்தாட்சி என்றான் தம்பி. தெற்கே களுத்துறையில் அரசமரத்தடியில் சிங்களவர்களும் இப்படித்தான் வண்டியை நிறுத்திக் காசு போட்டுவிட்டுப் பாலம் கடப்பார்களாம். 2011-ல் தெற்கு அதிவேகப் பாதை வந்த பிறகு அந்தப் பக்கம் போகாமலே காலிக்குப் போய்விடலாம். நம் கம்பத்துப் புறவழிச்சாலையில் நடந்தது அங்கும் தொடங்கிவிட்டது.

ஓமந்தையில் தம்பி வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. எங்களுக்கு எல்லை என்றால் குமுளி, ஒரு ரசீதைக் காட்டுவது. அவனுக்கு எல்லை என்றால் இந்த இடம். 2002 போர்நிறுத்தத்தில் வீதி திறந்த காலத்தில் ஓமந்தையில் அரச படை, புளியங்குளத்தில் புலிகள், நடுவில் மூட்டையை இறக்கி ஏற்றி வரிசையில் நின்ற சனம். 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் வீதியை மறுபடி மூடினார்கள். சின்னப் பையனாக அம்மா கையைப் பிடித்து அங்கே ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றிருக்கிறான். "இதுல நிப்பாட்டச் சொல்லாதீங்க அண்ணே" என்றான். நிறுத்த வேண்டிய இடங்களை மட்டுமே அதுவரை நான் கணக்கில் வைத்திருந்தேன்.

மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை. இது எங்கள் சின்னத் தாத்தாக்களின் தலைமுறைக்கும் முந்தியவர்கள் நடந்த வழி. மதுரை, ராமநாதபுரம் சீமையிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள் கணக்கில் மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவும் காய்ச்சலும் வழியிலேயே ஏராளமானோரைக் கொண்டுபோயின. 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் இருபுறமும் ரயிலும் சேர்ந்த பிறகு ஒரே டிக்கெட்டில் போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்ற வரை அது நடந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் குருசாமி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கோபுரத்தைப் பார்த்ததைவிட, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடிதான் இருந்தார்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தார். நாங்கள் வந்த நிறுத்தங்களை எழுதினார், ஓமந்தைக்கு எதிரே கோடு மட்டும் போட்டார். பிறகு பென்சிலைத் தம்பியிடம் கொடுத்தார். அடுத்த தடவை மன்னார் வழியாகத் திருக்கேதீஸ்வரம், மடு, தோட்டத்துக்குப் போனவர்கள் நடந்த வழியை ஒட்டியே மாத்தளை என்று அவன் எழுதினான். வழிநெடுக எங்கே நல்ல தண்ணீர் என்பதையும் ஓரத்தில் குறித்தான்.