இடது முழங்காலில் தழும்பு

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்களுக்குக் கப்பல் பதிவேட்டைவிட அருமையான ஆவணம் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கி 1911 வரை, இந்தியாவிலிருந்து போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பதிவேட்டில் ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர்கள் உருக்குலைந்து கிடக்கும். வாய்விட்டு வாசித்தால்தான் சில பிடிபடும்.

என் மனம் நிற்பது அங்க அடையாளக் கட்டத்தில். முழங்காலில் தழும்பு, மார்பில் மச்சம். ஆளை அடையாளம் காணத்தான் எழுதினார்கள், பரிவு காரணமல்ல. ஆனாலும் ஒரு புகைப்படம்கூட இல்லாத மனிதர் அங்கே உடம்போடு நிற்கிறார். எந்தக் கருவேலங்காட்டில் விழுந்த காயமோ! பதிவேட்டில் அவருக்கு உள்ள எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டால் தோட்டம், கல்யாணம், சாவு என்று மற்றப் பதிவுகளிலும் அவரைத் தொடரலாம்.