அடிக்கத் தெரிகிறது, அடக்கத் தெரியவில்லை

அகூஸ்டிக் கிட்டாரில் தாளத்தையும் சேர்த்து வாசிக்கப் பழகுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, ஓங்கி அடிப்பது. புதுச்சேரி ஒயிட் டவுன் பக்கம் வார இறுதி மாலைகளில் காபிக் கடைகளிலும் விடுதி முற்றங்களிலும் நடக்கும் சின்னக் கச்சேரிகளுக்கு ஒரு குரல், ஒரு கிட்டார் போதும். டிரம்ஸ் வைக்க இடமும் இருக்காது, அக்கம்பக்கத்தாருக்குப் பொறுமையும் இருக்காது. பிரான்சில் 1982 ஜூன் 21 அன்று தொடங்கி, அலையான்ஸ் ஃபிரான்சேஸ் வழியாக நம் ஊருக்கும் வந்து சேர்ந்த ‘ஃபெத் தெ லா முசீக்’ திருநாளிலும் புதிதாக மேடையேறும் இளைஞர்களுக்கு எளிதில் வாய்ப்பது இந்தக் கூட்டணிதான். ஆகவே டிரம்ஸ் வேலையும் கிட்டாரின் தலையில் விழுகிறது. அதற்காகவே பலரும் ‘பெர்கஸிவ் ஸ்ட்ரம்மிங்’ கற்கிறார்கள்: கம்பியை மீட்டும் அதே கை, இரண்டாம் நான்காம் எண்ணிக்கைகளில் ‘டக்’ என்று ஓர் அடியும் போட வேண்டும். அந்த ‘டக்’ வலுவாக விழவில்லையே என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். குறை அங்கே இல்லை என்பது என் கணிப்பு. அடி விழுந்த பிறகும் கார்டு பின்னால் முனகிக்கொண்டே இருக்கிறது. அதை அடக்காதவரை எவ்வளவு ஓங்கினாலும் அது தாளமாகக் காதில் விழாது.

கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். ‘டக்’ ஓசை உள்ளங்கையிலிருந்து வருவதில்லை. கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரமோ கட்டைவிரலின் பக்கமோ கம்பிகள் மேல் இறங்கும்போது, கம்பிகள் கீழே போய் உலோக ஃபிரெட்டுகளில் மோதுகின்றன. அந்த மோதல்தான் ஓசை. சவுண்ட் ஹோலுக்கும் ஃபிரெட் பலகையின் கடைசிக்கும் நடுவே கை இறங்கினால் ஓசை கூர்மையாக வரும். பிரிட்ஜ் பக்கம் போகப் போக ‘தொப்’ என்று மழுங்கும். கை இறங்குவதும் பிக் கம்பிகளைக் கடப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். பிக் முந்தினால் கார்டு கசிந்துவிடும். கை முந்தினால் வெறும் தொப். இறங்கிய கை கம்பியில் ஒட்டிக்கொள்ளாமல், அடுத்து மேல்நோக்கி வரும் மீட்டலுக்காக மணிக்கட்டைத் தளர்வாக வைத்து எழ வேண்டும். இத்தனைக்கும் பலம் தேவையே இல்லை. முழங்கையிலிருந்து ஓங்கி அடிப்பவரின் கை எழத் தாமதமாகி, அந்தத் தாமதம் நான்கு சுற்றுக்குள் பாட்டையே இழுத்துவிடும்.

மீதி வேலை இடது கையில் இருக்கிறது. அதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாரே கார்டு பிடித்திருந்தால் விரல் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தினாலே போதும், ஆறு கம்பியும் ஊமையாகிவிடும். ஆனால் தொடக்கநிலைக்காரர்கள் வாசிக்கும் பாட்டுகள் பெரும்பாலும் ஜி, சி, டி, ஈ மைனர் என்று திறந்த கம்பிகள் உள்ள கார்டுகளில்தான் இருக்கும். அங்கே விரலைத் தளர்த்தினாலும் பிடிக்காத கம்பிகள் பாட்டுக்கு ஒலிக்கும். அவற்றை அடக்க வலது உள்ளங்கை ஓரம் முழுதாக இறங்க வேண்டும், அல்லது இடது கையில் சும்மா இருக்கும் விரல்களைக் கம்பிகள் மேல் படுக்கவிட வேண்டும். அதுவும் ஒரே விரலாக இருக்கக் கூடாது. ஐந்தாம், ஏழாம், பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே ஒற்றை விரல் லேசாகப் பட்டால் ஹார்மோனிக்ஸ் மணி மாதிரி கிளம்பி, அடக்க வந்த கையே புதிதாக ஒரு ஸ்வரத்தை எழுப்பிவிடும்.

அடக்குவதுதான் தாளம் என்பதற்குக் கிட்டாரின் வரலாறே சாட்சி. 1934-ல் பாரிஸில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டும் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் அமைத்த ‘ஹாட் கிளப் தெ ஃபிரான்ஸ்’ ஐவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. இரண்டு ரிதம் கிட்டார்களும் ஒரு டபுள் பாஸும் சேர்ந்தே தாளத்தைத் தூக்கிச் சுமந்தன. ‘லா பாம்ப்’ என்று பெயர் பெற்ற அந்த வாசிப்பில் ஒவ்வொரு மீட்டலையும் இடது கை உடனுக்குடன் வெட்டிவிடும். அந்த வெட்டுத்தான் கேட்பவரின் காலைத் தட்ட வைக்கிறது. (பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ரொட்டியையும் தெருப் பெயர்களையும் வாங்கிக்கொண்ட நாம் இதை மட்டும் ஏன் வாங்காமல் விட்டோமோ!) அமெரிக்காவில் 1937-ல் கவுன்ட் பேஸி குழுவில் சேர்ந்த ஃபிரெடி கிரீன், 1987-ல் இறக்கும்வரை அந்தக் குழுவோடு வாசித்தார். தனி வாசிப்பு என்று அவர் செய்தது மிகக் குறைவு. எண்ணிக்கைக்கு ஒன்றாக நாலு மீட்டல், ஒவ்வொன்றும் பிறந்ததும் முடியும். பெரிய பித்தளை வாத்தியக் குழுவின் நடுவே, ஒலிபெருக்கி இல்லாத கிட்டாரை வைத்துக்கொண்டு அவர் தாளத்தைக் கட்டிக் காத்தது இந்த நறுக்கென்ற முடிவால்தான்.

இன்றைய மாணவர்கள் அதிகம் பின்பற்றும் பாடம் எக்ஸ்ட்ரீம் குழுவின் ‘மோர் தன் வேர்ட்ஸ்’. 1991 ஜூனில் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த அந்தப் பாட்டில் இரண்டு குரல், ஒரு கிட்டார், அவ்வளவுதான். குழுவின் டிரம்மருக்கு அதில் வேலையில்லை. கிட்டாரிஸ்ட் நூனோ பெட்டன்கோர்ட் பிக் இல்லாமல் விரல்களால் வாசிக்கிறார். இரண்டிலும் நான்கிலும் கேட்கும் அந்தக் ‘டக்’, அடுத்த மீட்டலுக்காக விரல்கள் கம்பியில் வந்து அமரும் ஓசை. அமர்ந்ததும் முந்தைய கார்டு நின்றுவிடுகிறது. நிறுத்துவதும் அடிப்பதும் அடுத்ததற்குத் தயாராவதும் அவருக்கு ஒரே அசைவு. இந்தப் பாட்டைப் பழகும் நம் பிள்ளைகள் அதை மூன்று அசைவாகப் பிரித்துச் செய்வதால்தான், கார்டுகள் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு நொண்டுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு காரணம் நம் ரசனையிலேயே இருக்கிறது. தமிழ்க் காது கிட்டாரை நேசிக்கப் பழகியது இளையராஜாவிடம். 1980-ல் வந்த ‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’, 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ ஆகிய இரண்டையும் வாசிக்க ஆசைப்படாத தமிழ்க் கிட்டார் மாணவர் அபூர்வம். ‘இளைய நிலா’வின் அழகு, ஒரு ஸ்வரம் ஓய்வதற்குள் அடுத்தது வந்து அதோடு கலப்பதில் இருக்கிறது; கம்பி எவ்வளவு நேரம் ஒலிக்கிறதோ அவ்வளவு இனிமை. அந்த இனிமையில் ஊறிய கைக்குக் கம்பியை வெட்டுவது பாவம் செய்வது போல் இருக்கும். இன்னொரு காரணம், எண்ணிக்கையில் அழுத்தம் விழும் இடம். நமக்கு எடுப்பில்தான் கனம். கூட்டமாகக் கைதட்டினாலும் ஒன்றிலும் மூன்றிலும்தான் தட்டுவோம். பேக் பீட் என்பது இரண்டிலும் நான்கிலும் கேட்கிறது. ஐம்பது ஆண்டாக சினிமாப் பாட்டில் டிரம்ஸ் கேட்கிறோமே, பழகியிருக்காதா என்று கேட்கலாம். காது பழகியிருக்கிறது, கை பழகவில்லை. வாய் பாட்டின் முதல் சொல்லை அழுத்தும் அதே வேளையில் கை அழுத்தாமல் காத்திருக்க வேண்டும். பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

ஆனால் இதற்கான மருந்தும் நம்மிடமே இருக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் தட்டு விழுவது ஒன்று, ஐந்து, ஏழு என மூன்றுக்குத்தான். மற்ற ஐந்தும் விரல் எண்ணிக்கையும் வீச்சும். அப்படியும் சபாவில் பின்வரிசையில் இருப்பவர்கூடத் தாளம் தவறுவதில்லை. சத்தம் வராத எண்ணிக்கையிலும் கை அசைந்துகொண்டே இருப்பதுதான் காரணம். மிருதங்கத்திலும் ‘நம்’ என்று ஒலியை ஓடவிடும் சொல் தனி, ‘கிட’ என்று விரலை அழுத்தி அங்கேயே முடிக்கும் சொல் தனி. ஸ்ட்ரம்மிங் பழகுகிறவர் கீழ் அம்பு, மேல் அம்பு போட்ட தாளைப் பார்ப்பதற்கு முன் ‘தகதிமி தகஜுனு’ என்று வாயால் சொல்லிப் பழகட்டும். த, தி, த, ஜு நான்கிலும் கை கீழே. க, மி, க, னு நான்கிலும் மேலே. ‘தி’யிலும் ‘ஜு’விலும் அடி. மூன்றாம் எண்ணிக்கையான இரண்டாவது ‘த’வில் கை கம்பியைத் தொடாமல் காற்றில் கீழே போகட்டும், வீச்சு மாதிரிதான். கை எந்த இடத்திலும் நிற்கக் கூடாது. இது பிடிபட்ட பிறகு அம்புத் தாளைப் பார்த்தால் புதிதாக எதுவும் அதில் இருக்காது.

அம்புத் தாள் இல்லாமல் ஆரம்பநிலைக்காரர் எப்படிக் கற்பார் என்ற கேள்வி நியாயமானது. பாட்டுக்குப் பாட்டு அமைப்பு மாறும்போது நினைவு வைத்துக்கொள்ள ஏதாவது ஒரு குறிப்பு வேண்டும்தான். ஆனால் அந்தத் தாள் எப்போது மீட்ட வேண்டும் என்று சொல்லுமே தவிர, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாது. நிமிடத்துக்கு 80 என்ற நடையில் ஓர் எண்ணிக்கைக்கு 0.75 விநாடி. ‘தி’யில் விழுந்த அடிக்கும் ‘மி’யில் எழும் மீட்டலுக்கும் இடையே 0.375 விநாடி. அந்த இடைவெளி காலியாக இருக்க வேண்டும். அது காலியாக இருக்கிறதா என்று பார்க்க, மெட்ரோனோமை 80-ல் வைப்பதைவிட 40-ல் வைத்து, ஒவ்வொரு தட்டையும் இரண்டு, நான்கு என்று எண்ணிக்கொண்டு வாசிப்பது மேல். அடி சரியாக விழுந்தால் மெட்ரோனோமின் தட்டு அதற்குள் மறைந்துபோகும். கார்டு கசிந்தால் தட்டு கேட்கும், கூடவே கசிவும் கேட்கும்.

கிட்டார் உடம்பையே டிரம்ஸாக்கித் தட்டும் வாசிப்பு இருக்கும்போது இந்தச் சின்ன வித்தை எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். மைக்கேல் ஹெட்ஜஸ் 1984-ல் வெளியிட்ட ‘ஏரியல் பவுண்டரீஸ்’ தொகுப்பும், பிறகு இணையத்தில் பரவிய ஆண்டி மெக்கீ போன்றோரின் காணொளிகளும் பலரை அந்தப் பக்கம் இழுத்திருக்கின்றன. ஸ்பெயினின் ஃபிளமென்கோவில் பலகையைத் தட்டும் ‘கோல்பே’வுக்காகக் கிட்டாரின் முகத்தில் தனித் தகடே ஒட்டியிருப்பார்கள். மதிப்புக்குரிய கலைகள்தான். ஆனால் ஹெட்ஜஸின் அந்த வாசிப்பில் கிட்டாரே பாடகர். பக்கத்தில் நின்று பாடும் ஒருவருக்குத் துணை போகும் வேலை அதற்கு இல்லை. பாட்டுக்கு வாசிக்கும்போது பலகையைத் தட்டப் போன கை கார்டை விட்டுவிட்டுத்தான் போகிறது. தட்டிய பலகை கம்பியையும் அடக்காது. மேடையில் ஒரு தடவை செய்தால் கைதட்டு கிடைக்கும். ஒவ்வொரு சுற்றிலும் செய்தால் பாடகர் தனியாக நிற்பார்.

ஒரு கஹோன் பெட்டியை வாங்கி நண்பரை உட்கார வைத்தால் போயிற்று என்பவர்களும் உண்டு. வைக்கலாம். அப்போது கிட்டார் தன் அடியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இருவரும் இரண்டிலும் நான்கிலும் அடித்தால், நூலிழை முன்பின்னாக விழும் இரண்டு அடிகள் ஒரே அடியைக் கெடுக்கும். அதுவும் போக, திறந்தவெளியில் இந்த வித்தைக்கு மவுசு அதிகம். பீச் ரோட்டில் கருங்கல் மேல் அலை மோதும் இரைச்சலில் நீண்டு ஒலிக்கும் கார்டுகள் கரைந்துபோகும். கூர்மையாகத் தொடங்கிச் சட்டென்று முடியும் ஓசைதான் சில அடி தள்ளி நிற்பவர் வரை போய்ச் சேரும். ஆனால் அந்தக் கடல் காற்றுதான் எதிரியும். ஈரப்பதம் ஏறும்போது கிட்டாரின் முன்பலகை லேசாகப் புடைத்துக் கம்பிகள் ஃபிரெட்டைவிட்டு உயர்ந்துவிடும். பிறகு எவ்வளவு அழகாகக் கை இறங்கினாலும் கம்பி ஃபிரெட்டைத் தொடாது, ‘டக்’ வராது. கறுத்துப்போன பழைய கம்பியிலும் அந்தக் கூர்மை கிடைக்காது. தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் பல மாணவர்கள் முதலில் கம்பியின் உயரத்தைப் பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும். 0.012 அங்குல செட்டிலிருந்து 0.011-க்கு இறங்கினாலும் கொஞ்சம் உதவும்.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தாது. ‘இளைய நிலா’வில் போய் ‘டக்’ போடுபவரைத் தடுத்து நிறுத்தலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பொருந்தும் பாட்டுகளில்கூட முதல் சரணம்வரை அடியை ஒளித்து வைத்துப் பிறகு கொண்டுவருகிறவர்தான் தேறியவர். இந்த ஆண்டு ஜூன் 21-க்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் பத்துப் பாட்டுக்குப் பதில் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியைப் பத்தடி தள்ளி வைத்து, பாடாமல் கிட்டாரை மட்டும் பதிவு செய்து கேளுங்கள். ‘தி’க்குப் பிறகு கம்பி முனகினால் இன்னும் ஒரு வாரம் வீட்டிலேயே வாசியுங்கள்.