காயத்தாலா, காயத்தோடா?

2025 ஜூலை 28 மாலை, நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில், பார்க் அவென்யூ 345-ஆம் எண் கட்டடத்துக்குள் 27 வயது இளைஞர் ஒருவர் துப்பாக்கியோடு நுழைந்தார். நான்கு பேரைக் கொன்றார்; பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அமெரிக்கக் கால்பந்தை நடத்தும் என்.எஃப்.எல். லீக்கின் தலைமை அலுவலகம் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. அவர் தேடி வந்தது அதைத்தான் என்றும், லிஃப்ட் மாறி ஏறியதால் 33-ஆம் மாடியிலிருந்த வேறொரு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்றும் நகர மேயர் சொன்னார். அவரிடம் ஒரு கடிதம் இருந்தது. தனக்குச் சி.டி.இ. என்ற மூளைநோய் இருக்கிறது, அதன் ஆபத்தை லீக் மறைத்தது, தன் மூளையை ஆராயுங்கள் என்று அதில் எழுதியிருந்தார். அவர் லீக்கில் ஆடியவர் அல்லர். பள்ளிக்கூட அணியில் ஆடியவர்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்தக் கடிதம் ஒரு விஷயத்தில் வித்தியாசமாகப் படும். தன்னை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் எழுதியவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மூலமும் அவருடையது, உரையும் அவருடையது. அன்று இரவே உலகம் அந்த உரையைப் படிக்க உட்கார்ந்துவிட்டது.

சி.டி.இ. கற்பனை நோய் அல்ல. தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுகிறவர்களின் மூளையில், இரத்த நாளங்களைச் சுற்றி, டாவ் என்னும் புரதம் சிதைந்து படிகிறது. ஒருமுறை பலமாக அடிபட்டால்தான் வரும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் வாங்கும் சிறு மோதல்களே போதும். இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் இதை உறுதிசெய்ய முடியும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீயின் குழு, முன்னாள் லீக் வீரர்கள் 376 பேரின் மூளைகளை ஆராய்ந்ததில் 345 பேருக்கு இந்த நோய் இருந்ததாக 2023-இல் அறிவித்தது. அவை பெரும்பாலும் சந்தேகம் இருந்த குடும்பங்கள் கொடுத்த மூளைகள். அதனால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அலட்சியப்படுத்தக்கூடிய எண் அல்ல.

லீக்கின் கைகளும் சுத்தமானவை அல்ல. பிட்ஸ்பர்க் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் இந்த நோயைக் கண்ட மருத்துவர் பென்னட் ஒமாலு 2005-இல் கட்டுரை வெளியிட்டபோது, அதைத் திரும்பப் பெறச் சொன்னவர்கள் லீக்கின் குழுவிலிருந்த மருத்துவர்கள். விளையாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் உயர் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று. இழப்பீட்டுக் கணக்கில் கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொள்ளும் முறைகூட 2021 வரை நடந்தது. கடிதம் லீக்கின் மேல் வைத்த குற்றச்சாட்டு ஆதாரமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது.

செப்டம்பர் மாதம் நகரத்தின் மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் முடிவை அறிவித்தது: அவருக்குச் சி.டி.இ. இருந்தது, குறைந்த கட்டத்தில். இந்த நோய் உடலிலும் மனத்திலும் எப்படி வெளிப்படுகிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது என்றும் அதே அறிவிப்பு சொன்னது. முதல் வாக்கியம் உலகைச் சுற்றிவந்தது. இரண்டாவதைக் கவனித்தவர்கள் குறைவு. ‘அப்படியானால் அவர் சொன்னது உண்மைதானே’ என்ற பெருமூச்சு எங்கும் கேட்டது.

இங்கே என் பாடத்துக்குள் சற்றுப் போகிறேன். மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ உருபு கருவியைச் சுட்டும்: வாளால் வெட்டினான். செய்தவரையும் சுட்டும்: கரிகாலனால் கட்டப்பட்டது. இன்றைய வழக்கில் காரணத்தையும் சுட்டும்: மழையால் ஆட்டம் நின்றது. ஒரே உருபு மூன்று வேலை செய்வதால், ‘மூளைக் காயத்தால் கொன்றார்’ என்று சொல்லும்போது காரணமாக வாக்கியத்துக்குள் வந்த காயம், நாம் கவனிப்பதற்குள் கொலையாளியாகவே மாறிவிடுகிறது. அதே வேற்றுமைக்கு ‘ஓடு’ என்று இன்னோர் உருபும் உண்டு. மகளோடு வந்தாள் என்றால் இருவரும் சேர்ந்து வந்தார்கள் என்று பொருள். மகள்தான் அவளை வரவைத்தாள் என்று பொருள் அல்ல. நியூயார்க்கின் உடற்கூறாய்வு நமக்குத் தந்தது ‘ஓடு’ மட்டுமே. அவர் காயத்தோடு வந்தார். லாஸ் வேகாஸிலிருந்து காரில் நாட்டைக் குறுக்கே கடந்து, தாக்குதல் துப்பாக்கியோடு வந்தார். வாகனத்தைத் திட்டமிட்டு ஓட்டி, முகவரி தேடி வந்தார். இத்தனை ‘ஓடு’களில் ஒன்றை மட்டும் ‘ஆல்’ ஆக்கியது பொதுமனம்.

ஆக்கியதும் செத்தவர்கள் பின்னுக்குப் போனார்கள். வங்கதேசத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த காவலர் ஒருவர், மனைவி மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தபோது செத்தார். வரவேற்புக் கூடத்தில் பணியிலிருந்த பாதுகாவலர் ஒருவர் செத்தார். நிதி நிறுவனமொன்றின் உயர் பதவியிலிருந்த தாய் ஒருவர் செத்தார். அவருடைய நிறுவனம் வீடுகளை வாங்கிக் குவிக்கிறது என்ற கோபத்தில், அவர் சாவைக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். கொன்றவர் அவரைத் தேடி வரவே இல்லை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. 33-ஆம் மாடியில் செத்த இளம்பெண்ணுக்கு வயது 27. கொன்றவரின் அதே வயது. ஒருவருடைய மூளை ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று, மற்றவருடைய வாழ்க்கை ஒரு வரிக்குள் முடிந்தது.

இது முதல் தடவை அல்ல. 2012 டிசம்பர் 1 அன்று கான்சாஸ் சிட்டி அணியின் ஜோவன் பெல்ச்சர் தன் துணைவியைச் சுட்டுக்கொன்றுவிட்டு, அணியின் பயிற்சி வளாகத்தில், பயிற்சியாளரின் கண் முன்னே தற்கொலை செய்துகொண்டார். அந்தப் பெண்ணுக்கு வயது 22. கையில் மூன்று மாதப் பெண்குழந்தை. மறுநாள் அதே ஊரில் அணி ஆட்டம் ஆடியது. பின்னர் அவருடைய உடலைத் தோண்டியெடுத்து மூளையை ஆராய்ந்தார்கள், சி.டி.இ.க்கான அடையாளங்கள் இருந்ததாக 2014-இல் செய்தி வந்தது. 2021 ஏப்ரலில் தென் கரோலினாவின் ராக் ஹில்லில் முன்னாள் வீரர் பிலிப் ஆடம்ஸ் ஆறு பேரைக் கொன்றார். அவர்களில் இருவர் குழந்தைகள். டிசம்பரில் மெக்கீ அவருடைய மூளையைப் பற்றி அறிவித்தார்: இரண்டாம் கட்டச் சி.டி.இ. ஒவ்வொரு முறையும் கொன்றவரின் மூளைதான் கதையின் கடைசி அத்தியாயம். அதே நோயோடு வாழ்ந்து, நினைவும் நிதானமும் இழந்து, யார்மீதும் துப்பாக்கியை நீட்டாமல் செத்துப்போன நூற்றுக்கணக்கான ஆண்கள் அந்தக் கதைக்குள் வருவதில்லை. அவர்களை ஊட்டியும் குளிப்பாட்டியும் கவனித்துக்கொண்ட மனைவிகளும் வருவதில்லை.

சரி, அடிபட்ட மூளையின் மேல் நமக்கு இவ்வளவு கரிசனம் இருக்கிறதென்றால், அடிபட்ட பெண்களின் மூளையை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தை மார்ட்லாண்ட் என்ற மருத்துவர் 1928-இலேயே எழுதிவிட்டார். கணவனிடம் ஆண்டுக்கணக்கில் அடிவாங்கிய ஒரு பெண்ணின் மூளையிலும் அதே விதச் சிதைவு இருப்பதை ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது 1990-இல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் குறிப்பின் தலைப்பு அவளைக் ‘குத்துவாங்கிக் கிறுகிறுத்த மனைவி’ என்ற பொருளில் அழைத்தது. குத்துச்சண்டை மேடையின் சொல்லைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்தார்கள். மேடையில் கையுறைகள் உண்டு, நடுவர் உண்டு, மணி அடித்தால் நிறுத்த வேண்டும். வீட்டில் என்ன இருந்தது?

துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களின் மூளைகளை நியூயார்க் ஆய்வாளர்கள் பின்னாளில் ஆராய்ந்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் சி.டி.இ. காணப்படவில்லை. இரத்த நாளங்களிலும் வெண்பொருளிலும் வேறு சிதைவுகள் இருந்தன. விளையாட்டு மைதானத்தில் செய்த அளவுகோலை மட்டும் வைத்து அளந்தால் இந்தப் பெண்களுக்கு ‘ஒன்றுமில்லை’ என்றுதான் முடிவு வரும். தொழில்முறை விளையாட்டு வீராங்கனை ஒருவருக்குச் சி.டி.இ. இருந்தது முதன்முதலாக உறுதியானதும் 2023-இல்தான்: ஆஸ்திரேலியக் கால்பந்து வீராங்கனை ஹெதர் ஆண்டர்சன். முந்தைய ஆண்டு 28 வயதில் இறந்தார். அவர் யாரையும் கொல்லவில்லை. அவர் மூளையைக் குடும்பம் முன்வந்து கொடுத்ததால்தான் இது தெரிந்தது.

எனவே என் கோரிக்கை, மூளையைப் பார்க்காதீர்கள் என்பதல்ல. லீக்கின் மேல் வழக்குத் தொடுக்க, பள்ளி மைதானங்களில் பிள்ளைகளின் தலையைக் காக்க, அந்த மூளைகள் சாட்சி சொல்லட்டும். ஆனால் நிறுவனத்துக்கு எதிரான சாட்சியம், கொன்றவருக்கான மன்னிப்புக் கடிதம் ஆகிவிடக்கூடாது. ஒரு வன்முறைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதைச் செய்த கை ஒன்றுதான்.

மாணவிகளிடம் ஒன்று சொல்வேன். அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது, ‘ஆல்’ எங்கே விழுகிறது என்று பாருங்கள். கூடவே, சுவரில் தலை மோதப்பட்டு, ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு சிகிச்சைக்கு வந்து நிற்கும் பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் பெயரை மறக்கிறாள், அடுப்பை அணைக்க மறக்கிறாள், எரிந்து விழுகிறாள். வீடு அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘திமிர்’ அல்லது ‘பைத்தியம்’. தலையில் எத்தனை முறை அடிபட்டது, எப்போதாவது மயங்கி விழுந்தாயா, கழுத்தை நெரித்தானா என்று அவளிடம் கேட்பதற்கு உடற்கூறாய்வு தேவையில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். கேட்டால் பதில் சொல்வாள்.